முன் சக்கர ஸ்டட் (நட்டு ஏறும் போல்ட்) ஒன்று உடைந்துவிட்டது, வீட்டிலேயே மாற்றலாமா?

ஈசூன்வாசி | சனி, காலை 9:12

எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2014 கொரோல்லா ஆல்டிஸ். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிந்ததும் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டுகிறேன். இனி நீட்டிக்க வழியில்லை என்பதால், இருக்கும் காலம்வரை நன்றாக வைத்துக்கொள்ள ஆசை.

இரண்டு வாரத்துக்கு முன் நான்கு டயரையும் மாற்றினேன். கடைப் பையன் காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று முடுக்கியதோடு சரி, கை ரெஞ்ச் வைத்துப் பார்க்கவே இல்லை. நேற்று பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க முன் இடது சக்கரத்தைக் கழற்றினேன். மூன்று நட்டு வந்தது. நான்காவது கிறீச் கிறீச் என்று முனகிக்கொண்டே சுற்றி, திடீரென்று 'டக்'. நட்டுக்குள் பாதி ஸ்டட் கையோடு வந்துவிட்டது. உடைந்த முகத்தைப் பார்த்தால் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு பகுதி கறுத்துக் கிடக்கிறது, மற்றது புது வெள்ளி போல மின்னுகிறது.

ஒரு பட்டறையில் கேட்டதற்கு ஹப்பை (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) கழற்றினால்தான் முடியும், 180 வெள்ளி ஆகும் என்றார்கள். மச்சானுக்கு சிராங்கூன் கார்டன்ஸில் தரைவீடு, சிமெண்டு போட்ட போர்ச் இருக்கிறது. அங்கே வைத்து நானே செய்ய முடியுமா? அதுவரை நான்கு நட்டில் ஓட்டலாமா?

சின்மிங்_மெக் | சனி, காலை 10:40

தம்பி, முதலில் அந்தக் கறுப்புப் பிறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது நேற்று உடைந்த இடம் இல்லை. முன்பே விரிசல் விட்டு, ஈரம் பட்டு, துரு ஏறிய இடம். நேற்று உடைந்தது மின்னுகிற பகுதி மட்டும். அந்த ஸ்டட் கொஞ்ச நாளாகவே அரை உயிரோடு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நீங்கள் பேட் பார்க்கக் கழற்றியது நல்லதாகப் போயிற்று.

ஐந்தில் ஒன்று போனால் அதன் பக்கத்திலுள்ள இரண்டும் கூடுதல் சுமையை வாங்கும். அவையும் அதே துப்பாக்கியால் முடுக்கப்பட்டவைதான். மெதுவாகப் பட்டறைவரை போகலாம். விரைவுச்சாலை வேண்டாம், குடும்பத்தை ஏற்ற வேண்டாம். நான்கே ஸ்டட் உள்ள சிறிய வண்டியாக இருந்தால் நகர்த்தவே வேண்டாம் என்பேன்.

வீட்டில் செய்ய முடியுமா என்றால், உங்கள் வண்டியில் முடியும். ஸ்டட் என்பது ஹப்புக்குப் பின்பக்கமிருந்து செருகி, தலைக்குக் கீழே உள்ள பல்வரிசை இறுகப் பிடித்து நிற்கிற ஒரு போல்ட். வெல்டிங் எதுவும் கிடையாது. முன்னாலிருந்து தட்டினால் பின்னால் போகும், பின்னாலிருந்து இழுத்தால் உட்காரும். சிக்கல் ஒன்றுதான்: பழையதை வெளியே எடுக்கவும் புதியதை உள்ளே விடவும் ஹப்புக்குப் பின்னால் இடம் வேண்டும். ஹப்பைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே போங்கள், நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஏதாவது ஓர் இடத்தில் பள்ளம் தென்படும். அந்த இடத்துக்கு நேராக ஸ்டட்டைக் கொண்டுவந்தால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகரக் கவரைக் கொஞ்சம் வளைத்து நுழைத்துவிடலாம்.

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) பலமாடி கார்பார்க்கில் மட்டும் செய்யாதீர்கள். அது வண்டி நிறுத்துகிற இடம், பட்டறை இல்லை. சுத்தியல் சத்தம் ஒன்பது மாடிக்கும் கேட்கும். மச்சான் வீட்டுப் போர்ச்சே சரி.

தெம்பனிஸ்_பறவை | சனி, காலை 11:25

என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். என்னுடையது ஹோண்டா ஜாஸ். முன் ஸ்டட் ஒன்றில் மரை போனது. அண்ணன் சொன்ன அந்தப் பள்ளத்தை நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மணி நேரம் தேடினோம். எங்கே திருப்பினாலும் ஸ்டட் நக்கிளில் போய் முட்டியது. கடைசியில் பட்டறையில் ஹப்பைப் பிரஸ்ஸில் வைத்துப் பிதுக்கி எடுத்தார்கள். பேரிங்கின் உள்வளையம் ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதனால் புதுப் பேரிங்கும் வாங்க வேண்டியதாயிற்று. ஆக, 'ஹப்பைக் கழற்ற வேண்டும்' என்று ஒரு பட்டறை சொன்னாலே ஏமாற்று என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியைப் பொறுத்தது.

இன்னொன்று. ஹோண்டாவில் டிஸ்க்கை இரண்டு திருகாணி பிடித்திருக்கும். நம்ம ஊர் ஈரத்துக்கு அது இறுகிப் போயிருக்கும். சாதாரணத் திருப்புளியை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும். சுத்தியலால் தட்டத் தட்டத் திரும்புகிற இம்பாக்ட் டிரைவர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈசூன்வாசி | சனி, நண்பகல் 12:03

நன்றி அண்ணே, நன்றி அக்கா. ஸ்டட் எங்கே வாங்குவது? இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. டைட்டானியம் நிறத்தில்கூட இருக்கிறது.

சின்மிங்_மெக் | சனி, நண்பகல் 12:31

நிறம் வேண்டாம். உடைந்த துண்டையும் நட்டையும் கையில் எடுத்துக்கொண்டு ஜாலான் புசார் பக்கம் போங்கள். கெலந்தான் லேன் ஓரமாக உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. டொயோட்டாவுக்கு எம்12 (விட்டம் 12 மில்லிமீட்டர்), மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நிசான், சுசுகி, சுபாருவுக்கு அதே எம்12, ஆனால் 1.25. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 1.25 நட்டை 1.5 ஸ்டட்டில் போட்டால் ஒன்றிரண்டு சுற்று இனிமையாகப் போகும், அப்புறம் இறுகும். 'இறுக்கமாகப் பிடிக்கிறது, நல்லதுதான்' என்று துப்பாக்கியை வைத்தால் இரண்டுமே நாசம். வாங்கியதும் நட்டை விரலாலேயே அடிவரை சுற்றிப் பாருங்கள். விரலுக்கு மசியாத மரையை ரெஞ்சால் சரிசெய்ய முடியாது.

பல்வரிசையின் விட்டமும் முக்கியம். கடைக்காரரிடம் காலிப்பர் அளவுகோல் இருக்கும், பழையதையும் புதியதையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு மயிரிழை சிறிதாக இருந்தாலும் பிறகு நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் சுற்றும். அப்போது நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஜூரோங்_ஃபிட்டர் | சனி, மாலை 4:18

நான் ஜூரோங் தீவில் பைப் ஃபிட்டர். வண்டி வேலை எனக்குத் தெரியாது, ஆனால் போல்ட் முடுக்குவதுதான் பதினொரு வருடமாக என் சோறு. அதை வைத்துச் சில விஷயம் சொல்கிறேன்.

நட்டை முடுக்கும்போது நாம் செய்வது ஸ்டட்டை ஒரு ஸ்பிரிங் போல இழுத்து நீட்டுவது. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. நட்டின் இறுக்கம் என்று நாம் அளப்பதில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடும். டொயோட்டா கையேட்டில் 103 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். எம்12 ஸ்டட், உலர்ந்த மரை என்று கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஸ்டட்டிலும் ஏறக்குறைய 43 கிலோ நியூட்டன், அதாவது நான்கு டன்னுக்கு மேல் இழுவை. 10.9 என்ற வலிமைத் தரத்தில் உள்ள எம்12 ஸ்டட் ஏறத்தாழ 83 கிலோ நியூட்டனில் நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும். எனவே 103 வைத்தால் பாதித் தெம்பில் இருக்கிறது, நிம்மதி.

இப்போது காற்றுத் துப்பாக்கி 250 கொடுத்தது என்று வையுங்கள். அரை அங்குலத் துப்பாக்கிக்கு அது பெரிய விஷயமே இல்லை. இழுவை அந்த 83 கிலோ நியூட்டனைத் தாண்டிவிடும். ஸ்டட் அன்றைக்கே உடையாமல் போகலாம். நீளும், மரை பிசகும், அடிக்கழுத்தில் விரிசல் பிறக்கும். அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அந்த விரிசல் ஒரு நூல் வளரும். உங்கள் கறுப்புப் பிறை அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இரண்டே வாரத்தில் அவ்வளவு கறுத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். அதற்கு முந்தைய டயர் மாற்றலிலேயே தொடங்கியிருக்கலாம்.

கிரீஸ் பற்றியும் யாராவது கேட்பார்கள். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறையும், அதே 103-க்கு இழுவை 60-ஐத் தொடலாம். கையேட்டு எண் உலர்ந்த மரைக்கானது. அதனால் ஸ்டட் மரையில் எண்ணெயோ, கிரீஸோ, செம்புப் பசையோ வேண்டாம். துருவுக்குப் பயமென்றால் ஹப்பும் சக்கரமும் ஒட்டுகிற நடு வளையத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவுங்கள்.

ஒரு விஷயத்தில் சின்மிங் அண்ணனோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஹப் வண்டியில் இருக்கும்போது சுத்தியலால் அடித்தால், அந்த அடி பேரிங் குண்டுகள் வழியாகத்தான் நக்கிளுக்குப் போகும். குண்டு ஓடுகிற பாதையில் பள்ளம் விழும். எங்கள் பம்ப் ஷாப்பில் பேரிங் பக்கத்தில் யாராவது சுத்தியலைத் தூக்கினால் ஃபோர்மேன் ஓடி வருவார்.

சின்மிங்_மெக் | சனி, இரவு 8:50

ஃபிட்டர் தம்பி சொல்கிற கொள்கையை மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடமாக முன் ஹப்பில் தட்டித்தான் எடுக்கிறேன். ஸ்டட் முனையில் பழைய நட்டை மட்டமாக ஏற்றி, நேராக, நறுக்கென்று இரண்டு மூன்று அடி. அதில் வராவிட்டால் நிறுத்திவிடுவேன். சின்னச் சுத்தியலை வைத்து ஐம்பது தடவை தட்டுகிறவர்கள்தான் பேரிங்கைக் கெடுக்கிறார்கள்.

வீட்டில் முதல் முறை செய்கிறவருக்குத் தம்பி சொல்வதே நல்லது, ஒப்புக்கொள்கிறேன். சி வடிவத்தில் இருக்கும் பால் ஜாயிண்ட் கழற்றும் கருவியை ஸ்டட் முனைக்கும் ஹப்பின் பின்பக்கத்துக்கும் இடையில் மாட்டி, திருகைச் சுற்றினால் சத்தமில்லாமல் பிதுங்கி வந்துவிடும். என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஈசூன் தம்பி வந்து வாங்கிக்கொள்ளலாம்.

பழைய_டாக்சி | சனி, இரவு 10:15

நான் இப்போது ஓட்டுவதில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பல வருடத்துக்கு முன், புது ரிம் போட்ட மறுநாள், புக்கிட் தீமா விரைவுச்சாலையில் பயணியோடு போய்க்கொண்டிருந்தேன். 'தக் தக்' என்று ஒரு சத்தம். பிரேக் அழுத்தினால் கூடும், வேகம் ஏறினால் மறையும். மறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம் ஸ்டியரிங் ஆடத் தொடங்கியதும் ஓரங்கட்டிப் பார்த்தால் இரண்டு நட்டு விரலாலேயே சுற்றுகிற நிலையில். ரிம்மில் நட்டு உட்காருகிற குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. ஈமாஸ் (விரைவுச்சாலைக் கண்காணிப்புச் சேவை) வண்டி வந்து பக்கத்துக் கார்பார்க்வரை இலவசமாக இழுத்துப் போய் விட்டார்கள். பின்சீட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் என்னவென்றால், பழைய ரிம்மின் நட்டு உருண்டை அடி உள்ளது, புது ரிம்மின் குழி கூம்பு வடிவம். இரண்டும் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தன. ஸ்டட் புதிதாகப் போட்டாலும் நட்டின் அடி ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள் தம்பி.

ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 9:37

முடித்துவிட்டேன்! விவரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஒன்றை மட்டும் மாற்றவில்லை. அந்தச் சக்கரத்தின் ஐந்தையும் மாற்றினேன். ஒரு ஸ்டட் 4 வெள்ளிதான். கடையில் பழையதைப் புதியதோடு சேர்த்து நிறுத்திப் பார்த்தபோது, உடையாத ஒன்றின் மரை நடுவில் கொஞ்சம் நீண்டிருந்தது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. புது நட்டு அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. அதைப் பார்த்த பிறகு மற்றவற்றை விட்டுவைக்க மனம் வரவில்லை.

போர்ச்சில் லேசான சாய்வு இருந்ததால் பின் சக்கரங்களுக்கு மரக்கட்டை வைத்தோம். தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்கி, கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கடியில் போட்டுவைத்தேன். பிரேக் காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) பிராக்கெட்டோடு கழற்றி, துணி மாட்டும் கம்பியால் ஸ்பிரிங்கில் தொங்கவிட்டேன், பிரேக் குழாயில் பாரம் விழாமல். டிஸ்க் அசையவில்லை. அதில் இரண்டு மரைத் துளை இருந்தது. எட்டு மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முடுக்கியதும் 'டப்' என்று பிரிந்து வந்தது. ஹப் முகம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு. கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்தேன்.

அண்ணன் கொடுத்த கருவி உண்மையிலேயே வரம். கடிகார முகத்தில் ஏறக்குறைய பத்து இருக்கும் இடத்துக்கு நேராக ஸ்டட் வரும்படி ஹப்பைத் திருப்பியபோது இடம் கிடைத்தது. தகரக் கவரை விரலால் வளைத்தேன். நான்கு ஸ்டட் சத்தமில்லாமல் வந்தன. உடைந்ததுக்கு மட்டும் பிடிக்க முனை இல்லாமல், ஒரு பழைய போல்ட்டை இடையில் வைத்து அழுத்தினேன்.

புதியதை உள்ளே இழுப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பின்னாலிருந்து செருகி விரலால் மெல்லச் சுற்றினால், ஓரிடத்தில் பல்வரிசை பழைய தடத்தில் 'க்ளிக்' என்று விழுகிறது. அப்புறம் முன்பக்கம் நான்கு தடித்த வாஷர், இடையிடையே கிரீஸ், அதன்மேல் தியாகத்துக்கென்று வாங்கிய ஒரு நட்டு, தட்டையான பக்கம் உள்ளே. ஹப் சுற்றாமல் இருக்க, மச்சான் ஒரு நீளக் கடப்பாரையை மற்ற இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். அந்த ஸ்டட்டுகளில் பழைய நட்டை ஏற்றி மரையைக் காப்பாற்றினோம். நீளக் கைப்பிடியால் முடுக்கும்போது ஒரே சீரான கனம். பிறகு ஒரு கணத்தில் கை கல்லில் முட்டியதுபோல நின்றுவிடுகிறது. தலை ஹப்பில் உட்கார்ந்துவிட்டது. பின்னால் கைபேசியை நுழைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதில் மட்டும் ஒரு தாள் அளவு இடைவெளி, இன்னும் கால் சுற்று கொடுத்ததும் மறைந்தது.

அந்தத் தியாக நட்டு ஐந்தாவதுக்குப் பிறகு மரை தேய்ந்து போனது, குப்பையில் போட்டேன். இழுக்கும்போது ஸ்டட் மரையில் பட்ட கிரீஸைப் பிரேக் கிளீனரால் கழுவினேன்.

பிரேக் காலிப்பர் போல்ட்டைக் கையேட்டு அளவுக்கு முடுக்கி, சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டையும் விரலால் அடிவரை ஏற்றி, நட்சத்திர வரிசையில் டார்க் ரெஞ்ச்சால் (வைத்த இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' என்னும் ரெஞ்ச்) 103. வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலைப் பலமுறை மிதித்து, கெட்டியான பிறகே எடுத்தேன்.

ஜூரோங்_ஃபிட்டர் | ஞாயிறு, இரவு 10:20

அருமை அண்ணே. ஒரே மூச்சில் 103-க்குப் போனீர்களா? நாங்கள் ஃபிளாஞ்சில் (குழாய்களை இணைக்கும் வட்டத் தட்டு) முதலில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மூன்றில் இரண்டு, பிறகு முழுது என்று மூன்று சுற்று வருவோம். கடைசியில் வட்டமாக ஒரு சுற்று. முதல் நட்டை முழுதாக முடுக்கினால் எதிர்ப்பக்கம் தூக்கும்.

ஈசூன்வாசி | ஞாயிறு, இரவு 10:28

இரண்டு சுற்றுதான் வந்தேன் தம்பி, 50 வைத்து, அப்புறம் 103. அடுத்த முறை மூன்று.

தெம்பனிஸ்_பறவை | ஞாயிறு, இரவு 10:41

கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வையுங்கள். புது ஸ்டட், தேய்த்த ஹப், எல்லாம் கொஞ்சம் அமரும். 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் பார்க்கச் சொல்வார்கள். நம்ம ஊரில் தீவு விரைவுச்சாலை முழு நீளமே 42.8 கிலோமீட்டர், அதில் ஒருமுறை போய் வந்தால் கணக்கு சரி. சக்கரம் ஆறிய பிறகு பாருங்கள், சூட்டில் வேண்டாம்.

லாரிக்காரன்_துவாஸ் | திங்கள், காலை 6:05

இந்த இழையை எங்கள் டிரைவர் குழுவில் பகிர்ந்தேன். லாரி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஜப்பான் லாரி பலவற்றில் இடது பக்கச் சக்கரங்களில் எதிர்மரை. ஸ்டட் முனையில் 'எல்' என்று பொறித்திருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் நெம்பி நெம்பி உடைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஈசூன்வாசி | புதன், இரவு 8:14

அக்கா சொன்னபடி நேற்று தீவு விரைவுச்சாலையில் துவாஸ் போய்ச் சாங்கி வந்து, இன்று காலை குளிர்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் வைத்தேன். நான்கு நட்டு உடனே 'க்ளிக்'. ஒன்று மட்டும் ஒரு பத்துப் பாகை நகர்ந்து அப்புறம் கிளிக் ஆனது. அதே சூட்டோடு முன் வலது சக்கரத்தையும் தளர்த்திப் பார்த்தேன். கைப்பிடியில் இரண்டடிக் குழாய் மாட்டி ஏறி மிதித்தால்தான் நட்டு அசைந்தது. ஒன்றின் மரையில் வெள்ளிப் பொடி உதிர்கிறது.

சின்மிங்_மெக் | புதன், இரவு 8:39

பொடி உதிர்ந்தால் மரை அரைபடுகிறது என்று பொருள். அந்தச் சக்கரத்துக்கும் ஐந்து வாங்கிவிடுங்கள், கருவியை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரங்கள்?

ஈசூன்வாசி | புதன், இரவு 8:44

பின்னால் இன்னும் தொடவில்லை அண்ணே. சனிக்கிழமை மச்சான் காலையில் வீட்டில் இருக்கிறாராம், மூன்றையும் அன்றைக்கே பார்த்துவிடுகிறேன்.